டெல்டா மாவட்ட மாணவர்களுக்கு: கலைப் பாடத்தில் பட்டம் சேரும் முன் செய்ய வேண்டியவை

பாபநாசத்துக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பி.ஏ. ஆங்கிலம் படித்தேன். படிக்கும்போதே வரலாற்றின் மீது ஈடுபாடு வந்ததால் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். அதன் பிறகு பி.எட். முடித்தேன். மொத்தம் ஏழு ஆண்டுகள். மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்த அன்றுதான், இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ அதற்கு இணையான பாடத்திலோ இருக்க வேண்டும் என்ற வரி என் கண்ணில் பட்டது. அந்த வரி முந்தைய ஆண்டுகளின் அறிவிப்புகளிலும் இருந்தது. அதைத் தேடிப் படிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கலைப் பாடம் படித்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. வரிசை தெரியாமல் படித்ததற்குத்தான் வருந்தினேன். பின்னர் என் தங்கை பிளஸ் டூ முடித்தபோது இருவரும் சேர்ந்து ஒவ்வொரு படியாகச் செய்தோம், அதிலும் ஓரிடத்தில் தவறினோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. வேலை அறிவிப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பெரும்பாலோர் முதலில் பட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மூன்றாம் ஆண்டின் இறுதியில் வேலையைப் பற்றி யோசிக்கிறார்கள். நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். மனத்தில் உள்ள இரண்டு மூன்று பணிகளுக்குக் கடைசியாக வெளியான அறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, அதில் "கல்வித் தகுதி" என்ற பகுதியை மட்டும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு பட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதித் தவறுகள் நேராது.

ஆசிரியர் பணியை நினைப்பவர்கள் மூன்று செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, நான் மேலே சொன்ன ஒரே பாட விதி. இரண்டாவது, பி.எட். சேர்க்கையில் எல்லா இளங்கலைப் பட்டங்களும் சமமாக நடத்தப்படுவதில்லை. தமிழ், ஆங்கிலம், வரலாறு, புவியியல் ஆகியவற்றில் இளங்கலை முடித்தவுடனேயே நம் மாநிலத்தில் பி.எட். சேரலாம், ஆனால் பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் போன்றவற்றுக்கு முதுகலையும் முடித்திருக்க வேண்டும். பொருளியல் படித்தால் மூன்று ஆண்டுகளோடு பி.எட்.டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கணக்கில் இரண்டு ஆண்டுகள் கூடின. மூன்றாவது, பி.எட். சேரப் பட்டத்தில் குறைந்தபட்ச மதிப்பெண் விழுக்காடு உண்டு. அது பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 40. தேறினால் போதும் என்ற நினைப்பில் முதல் இரண்டு பருவங்களை வீணாக்கியவர்கள் பின்னர் ஒரு விழுக்காட்டுக்காகத் தவிக்கிறார்கள்.

கல்லூரி ஆசிரியராக விரும்பினால் முதுகலையோடு தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ தேவைப்படும். நெட் தேர்வு வழக்கமாக ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான மதிப்பெண் பெற்றால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஆய்வுப் படிப்பைத் தொடர முடியுமா முடியாதா என்பதை இந்தத் தொகைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆகவே முதுகலை முதலாண்டிலிருந்தே இதற்குப் படியுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். இந்து சமய அறநிலையத் துறையின் செயல் அலுவலர் பதவிகளுக்கும் அதே ஆணையமே தேர்வு நடத்துகிறது, கோயில்கள் நிறைந்த நம் பகுதியில் அதைப் பற்றி அறிந்தவர்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. இத்தகைய பணிகளே உங்கள் நோக்கம் என்றால் "எந்தப் பாடத்துக்கு மதிப்பு" என்று குழம்பாமல் பிடித்த பாடத்தையே எடுங்கள். பிடிக்காத பாடத்தை மூன்று ஆண்டுகள் இழுத்துக்கொண்டு போட்டித் தேர்வுக்கும் படிப்பது மிகக் கடினம்.

பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். சில கல்லூரிகள் பழைய பாடத்துக்குக் கவர்ச்சியான புதுப்பெயர் வைத்து நடத்துகின்றன. அந்தப் பட்டம் வழக்கமான பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருந்தால் மட்டுமே அரசுப் பணிகளில் அது செல்லும். சேருமுன் துறைத் தலைவரிடம் அந்த இணைத்தன்மை அரசாணையின் நகலைக் கேளுங்கள். "அதெல்லாம் வந்துவிடும்" என்ற பதில் வந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.

2. பாடத்தை ஒரு மாதம் தொட்டுப் பாருங்கள்

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களும் பி.ஏ. சேரலாம். "ஃபர்ஸ்ட் குரூப் படித்துவிட்டு வரலாறா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எடுக்கப்போகும் பாடத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் கடமை உண்டு.

பாரதிதாசன் பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்களுக்கெனத் தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கும். ஆறு பருவங்களின் தாள்களையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும் என்ற ஆசையில் பி.ஏ. ஆங்கிலம் சேர்பவர்கள் அங்கே கவிதையும் நாடகமும் திறனாய்வும் காத்திருப்பதைக் கண்டு திகைக்கிறார்கள். பேச்சாங்கிலம் தனியே கற்க வேண்டிய திறன், எந்தப் பட்டத்தோடும் அதைக் கற்கலாம். கணக்குக்குப் பயந்து பொருளியலுக்கு வருபவர்கள் புள்ளியியல் தாளைப் பார்த்துவிட்டு வரவும். தமிழ் எடுக்க நினைப்பவர்கள் சங்கப் பாடல் பத்தை உரையுடன் படித்துவிட்டு, பதினோராவது பாடலை உரையில்லாமல் பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறதா என்று தங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளைப் பொறுத்தவரை, கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியும் அங்குள்ள அரசு மகளிர் கல்லூரியும், தஞ்சாவூரில் ராஜா சரபோஜி அரசு கல்லூரியும் குந்தவை நாச்சியார் மகளிர் கல்லூரியும், திருவாரூரில் திரு.வி.க. அரசு கல்லூரியும், மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமி அரசு கல்லூரியும், மேலையூரில் பூம்புகார் கல்லூரியும், மன்னன்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியும் பலருக்குப் பேருந்தில் போய்வரும் தொலைவில் இருப்பவை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைத் தமிழில் சேரலாம். ஐந்தாண்டுப் படிப்பு எதுவானாலும், மூன்றாண்டு முடிவில் இளங்கலைப் பட்டத்துடன் வெளியேற வழி இருக்கிறதா என்று சேரும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. சான்றிதழ்களை மார்ச் மாதத்துக்குள் முடியுங்கள்

இதுதான் நாங்கள் தவறிய இடம், எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தேவையானவை இவை: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், பள்ளியில் மாணவருக்குத் தந்த எமிஸ் அடையாள எண், புகைப்படங்கள். சாதி, வருமானம், இருப்பிடம் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சேவைக் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என மேலே போகும். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கும் காலத்தை ஒட்டி, குறுவைக் கடனுக்காக அடங்கல் (நிலத்தின் பயிர் விவரப் பதிவு) கேட்டு வரும் விவசாயிகளால் கிராம நிர்வாக அலுவலகம் நிரம்பியிருக்கும். கல்லூரிச் சேர்க்கையும் அதே வாரங்களில்தான் நடக்கும். அந்த நெரிசலில் போய் நிற்காதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் எல்லா ஆவணங்களையும் ஒரு பாயில் பரப்பி வைத்து, பெயரின் எழுத்துகளையும் தலைப்பெழுத்தையும் பிறந்த தேதியையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். என் தங்கையின் பெயர் பத்தாம் வகுப்புப் பட்டியலில் ஒரு விதமாகவும் ஆதாரில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாகவும் இருந்தது. அதுவரை எவர் கண்ணுக்கும் தெரியாத அந்த ஓர் எழுத்துக்காக மூன்று நாள்கள் அலைந்தோம். பத்தாம் வகுப்புப் பட்டியலை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவதே எளிய வழி.

அடுத்தது, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் விழும் குழி. மாநில அரசு தந்த பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவை (கிரீமி லேயர்) சேராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியே வாங்க வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். எனவே இதை மட்டும் மார்ச்சில் வாங்கிப் பயனில்லை. நாங்கள் மாநிலச் சான்றிதழை நம்பிக் காத்திருந்து, கடைசி வாரத்தில் ஓடினோம். உங்கள் சாதி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள், மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாமே அங்கே இருப்பதில்லை. "எங்களுக்கு நிலம் இருக்கிறது, கிடைக்காது" என்று விலகிவிடாதீர்கள். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய், அந்த வருமானக் கணக்கில் விவசாய வருமானமும் சம்பளமும் சேர்வதில்லை.

மாற்றுச் சான்றிதழ் சேரும் கல்லூரியிலேயே தங்கிவிடும். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஐந்தாறு படிகள் எடுத்து, கைப்பேசியிலும் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. அரசு கல்லூரி விண்ணப்பமும் தரவரிசையும்

அரசு கலைக் கல்லூரிகள் அனைத்துக்கும் டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. என்ற ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கிறோம். பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்தில் அது திறக்கும், ஏறத்தாழ மூன்று வாரங்களில் மூடிவிடும். நாங்கள் விண்ணப்பித்தபோது 50 ரூபாய் ஆயிற்று, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய் மட்டுமே. ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம், ஐந்தையும் நிரப்புங்கள்.

தரவரிசை எப்படிப் போடப்படுகிறது என்பதை அறிந்தவர்கள் தங்கள் வாய்ப்பைச் சரியாகக் கணிக்கலாம். பி.ஏ. தமிழுக்குப் பிளஸ் டூ தமிழ் மதிப்பெண்ணும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் கணக்கில் கொள்ளப்படும். வரலாறு, பொருளியல் போன்றவற்றுக்கு மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தும் தமிழில் 95க்கு மேல் வாங்கிய மாணவி, தனக்கு இடமே கிடைக்காது என்று விண்ணப்பிக்காமல் விட்டதை நான் அறிவேன்.

கலந்தாய்வு நாளன்று குறித்த நேரத்தில் நேரில் இருக்க வேண்டும். விளையாட்டு வீரர், மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரரின் பிள்ளைகள் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு முதலில் நடக்கும். குறுஞ்செய்தியை மட்டும் நம்பாதீர்கள், கல்லூரியின் அறிவிப்புப் பலகையையும் இணையப் பக்கத்தையும் நாள்தோறும் பாருங்கள். முதல் சுற்றில் கிடைக்காவிட்டாலும் காலியிடங்களுக்கு மறுபடியும் அழைப்பார்கள்.

இரண்டாம் சுழற்சியில் (ஷிஃப்ட்) இடம் கிடைத்தால் வகுப்பு மாலையில் முடியும். ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

பயிற்று மொழியைக் குறித்து ஓர் எச்சரிக்கை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. பட்டத் தகுதி கேட்கும் பதவிகளுக்கு, 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். வகுப்பில் தமிழில் பாடம் நடப்பதும் தேர்வைத் தமிழில் எழுதுவதும் இதற்குப் போதாது. கல்லூரிப் பதிவேட்டில் உங்கள் பிரிவு தமிழ் வழி என்று இருக்க வேண்டும். பள்ளி முழுவதும் தமிழ் வழியில் படித்தவர் என்றால், பட்டத்தில் ஆங்கில வழிப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த 20 விழுக்காட்டை இழக்கிறோம் என்று தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

5. நுழைவுத் தேர்வுகள்

திருவாரூர் நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் நம் வாசலிலேயே இருக்கிறது, ஆனால் அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு சேர முடியாது. கியூட் என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டெல்லி, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைக்கும் அதே தேர்வுதான். முதுகலைக்குத் தனிக் கியூட் உண்டு, எனவே இளங்கலையை உள்ளூரில் முடித்துவிட்டு முதுகலைக்கு நீலக்குடிக்கு முயல்வதும் நல்ல வழி.

விண்ணப்பம் பொதுத் தேர்வுக்கு முன்பே திறந்து மூடிவிடும் என்பதால்தான் நம் மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள். ஜனவரியிலிருந்தே பாருங்கள். தேர்வு கணினியில் நடக்கும், தமிழிலும் எழுதலாம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறையும். பொதுப் பிரிவுக்கு மூன்று பாடங்கள் வரை சுமார் 1,000 ரூபாய் கட்டணம், மற்ற பிரிவினருக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் சேர விரும்பும் படிப்புக்கு எந்தப் பாடங்களை எழுதியிருக்க வேண்டும் என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலைப் பார்த்த பிறகே படிவத்தில் பாடத்தைக் குறியுங்கள். நல்ல மதிப்பெண் எடுத்தும் தவறான பாடம் எழுதியதால் பயனில்லாமல் போனவர்கள் உண்டு.

சட்டத்தில் நாட்டம் இருந்தால், திருச்சி அரசு சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். திருச்சியிலேயே உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலத்தில் நடக்கும் கிளாட் தேர்வு எழுத வேண்டும், அது வழக்கமாக டிசம்பரில் வருகிறது.

6. செலவுகளும் உதவித்தொகைகளும்

அரசு கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். உதவிபெறும் கல்லூரிகளில்தான் கவனம் தேவை, ஒரே கல்லூரியில் ஒரே பாடம் உதவிபெறும் பிரிவிலும் சுயநிதிப் பிரிவிலும் நடக்கும், கட்டணம் பல மடங்கு வேறுபடும். எந்தப் பிரிவு என்று ரசீதைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வங்கிக் கணக்கு மாணவரின் பெயரில், ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். பணம் வராத பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு இந்த இணைப்பே சிக்கல். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் அரசின் நலத் துறைகள் தரும் உதவித்தொகைகளுக்கும், கட்டணமில்லாத அரசு விடுதிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். விடுதிக்கு வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதி மாணவியருக்குப் பொருந்தாது.

சேர்க்கைப் பணம் கேட்கப்படும் ஜூன் மாதத்தில்தான் விதைக்கும் உழவுக்கும் வீட்டில் கையிருப்பு கரையும். தை மாத அறுவடையின்போதே ஐயாயிரமோ பத்தாயிரமோ இதற்கென ஒதுக்கிவிடுமாறு வீட்டில் சொல்லுங்கள்.

7. மூன்று ஆண்டுகளை எப்படிப் பயன்படுத்துவது

கலைப் பாடத்தில் வகுப்பு நேரம் குறைவு, எஞ்சிய நேரத்தில்தான் தகுதி உருவாகிறது. வரலாறு, தமிழ் படிப்பவர்களுக்கு நம் ஊரே ஆய்வுக்கூடம். முதலாண்டிலேயே கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கோயிலில் படியெடுத்தபோது உடன் நின்றிருக்கிறேன். கல்லைத் தூரிகையால் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தட்டி, பிறகு மையை ஒற்றினார்கள். கருப்புப் பரப்பில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. வெறும் சுவரில் எனக்குப் புலப்படாத "ஸ்வஸ்தி ஸ்ரீ" தாளில் தெளிவாக நின்றது. அன்றைக்கு அந்த ஒரு வரியை நானே படித்ததுதான் என்னை வரலாற்றுக்கு இழுத்தது.

தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் ஓலைச்சுவடிக்கும் தனித் துறைகள் இருக்கின்றன, அங்கு நடக்கும் பயிலரங்குகளை விசாரித்துக்கொண்டே இருங்கள். தஞ்சை அரண்மனை வளாகத்தில் உள்ள சரசுவதி மகால் நூலகத்தில் மராத்தியர் காலத்தில் மராத்தி எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் அமைந்த ஆவணங்கள் உள்ளன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே, பொறுமையுள்ள ஒருவருக்கு அது வாழ்நாள் வேலை. தொல்லியலுக்குப் போக விரும்புகிறவர்கள், முதுகலைக்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாடமானாலும் தட்டச்சு கற்றுக்கொள்ளுங்கள், தமிழும் ஆங்கிலமும். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் தெருவுக்கொரு தட்டச்சுப் பயிலகம் இருக்கிறது. அரசுச் சான்றிதழ் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இரு மொழிகளிலும் கீழ்நிலையையாவது முடித்துவிடலாம். குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குத் தட்டச்சுச் சான்றிதழ் கட்டாயம், அதிலும் ஒரு மொழியிலாவது மேல்நிலை கேட்பார்கள். அத்தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழ் என்பதால் தமிழ் மாணவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

குடிமைப் பணித் தேர்வை நினைப்பவர்கள், நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு எழுதித் தேர்வாகும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் தரப்படுவதைத் தெரிந்துகொள்ளுங்கள். கடன் வாங்கிச் சென்னைப் பயிற்சி மையத்தில் சேரும் முன் அதை எழுதிப் பாருங்கள்.

8. கல்லூரியை விட்டு வெளியேறும் மாதம்

ஆறாம் பருவத் தேர்வு முடிந்ததும் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், சான்றிதழ்கள் அலுவலகத்திலேயே கிடக்கும். தற்காலிகப் பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், நடத்தைச் சான்றிதழ் ஆகியவற்றோடு, தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழை டி.என்.பி.எஸ்.சி. தந்துள்ள படிவத்திலேயே முதல்வரின் கையெழுத்துடனும் முத்திரையுடனும் வாங்கிவிடுங்கள். இதே சான்றிதழ் தொடக்கப் பள்ளியிலிருந்தும் மேல்நிலைப் பள்ளியிலிருந்தும் தனித்தனியே தேவைப்படும். மாணவர் குறைந்து மூடப்பட்ட தொடக்கப் பள்ளியில் படித்திருந்தால் அதன் பதிவேடு இப்போது எங்கே இருக்கிறது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டியிருக்கும், அதற்கு நாள்கள் பிடிக்கும். மே மாதத்தில் பள்ளிகள் மூடியிருக்கும் என்பதால், ஏப்ரல் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களுக்குள் இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே பெயர், பிறந்த தேதி, படித்த ஆண்டுகள் ஆகியவற்றைத் தலைமையாசிரியரின் மேசை முன் நின்றே சரிபாருங்கள்.